ஒட்டகத்துக்கு அந்து விழுந்த கதை

அந்த அருங்காட்சியகத்தில் பதினாறு வருடமாகத் தூசி தட்டும் பெண்ணுக்கு ‘ஒட்டகத்தக்கா’ என்றே பெயராகிவிட்டது. பாடம் செய்த சிங்கம், கரடி என்று எத்தனையோ நிற்க, அவளுக்கு ஒட்டகத்தின் மேல்தான் உயிர். தண்ணீரில்லாமல் இப்படித் தாக்குப்பிடிக்கிற ஜீவன் வேறேது என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

அந்த ஒட்டகத்துக்குத்தான் ரோமம் அரிக்கும் அந்துப்பூச்சி விழுந்தது. ரோமம் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. அக்கா பதறிக்கொண்டு பூச்சிப் பிரிவுக்காரரிடம் ஓடினாள்.

“ஏன் சார், இத்தனூண்டு பூச்சி அவ்வளவு பெரிய மிருகத்தைத் தின்னுமா?”

“பறக்கிறது தின்னாதும்மா, அதுக்குத் தின்ன வாயே கிடையாது. முட்டை போட்டுட்டுச் செத்துப்போகும். தின்னுறதெல்லாம் அதோட புழுதான்.”

“தண்ணிக்கு என்ன பண்ணும்?”

“காஞ்ச ரோமத்திலேயே அதுக்கு வேண்டிய தண்ணி கிடைச்சிடும்.”

“அடேங்கப்பா! என் ஒட்டகமே வயிறுமுட்டக் குடிச்சிட்டுத்தானே கிளம்பும்!”

“அப்போ உங்க ஒட்டகம் தோத்துச்சு.”

“இந்தப் புழு சுமை தூக்குமா சார்?” என்று முறைத்தாள். ஆனாலும் கேள்வியை விடவில்லை. “புழு எங்க இருக்கும்?”

“இருட்டு, கம்பளி, யாரும் அசைக்காத இடம்.”

அக்காவுக்குப் பகீரென்றது. இரண்டு வருடம் முன்பு திமிலின் தையல் பிரிந்து வைக்கோல் எட்டிப் பார்த்தது. மனசு கேட்காமல், தானே கம்பளியில் ஒரு விரிப்புப் பின்னி, யாருக்கும் தெரியாமல் போர்த்திவிட்டாள். அதன் மேலேதான் தினமும் தட்டினாள். ஒரு நாளும் தூக்கிப் பார்க்கவில்லை.

அருங்காட்சியக அதிகாரியை அழைத்து வந்து விரிப்பைத் தூக்கினார்கள். திமில் மொட்டை. மடிப்பெல்லாம் புழு நெளிந்தது.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். “ஒட்டகம் வந்து நாப்பது வருஷமாச்சு, இதுவும் அதோடயே வந்த துணி போலிருக்கு. நாப்பது வருஷமா அரிச்சிருந்தா உள்ளே தோலே மிஞ்சியிருக்காது. ஒட்டகத்தையே எரிச்சிடுங்க.”

காட்சிப் பொருளின் மேல் ஒரு குண்டூசி குத்தினாலும் வேலை போய்விடும். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

“ரெண்டே வருஷம்தான் சார். பின்னிப் போட்டது நான்தான்.”

இரண்டு வருடமென்றால் பிழைக்கும் என்று ஒட்டகத்தைக் குளிர் அறையில் வைத்துப் புழுவைக் கொன்றார்கள். அக்காவின் வேலையும் எப்படியோ தப்பியது, பூச்சிப் பிரிவுக்கு மாற்றல். ஒட்டகத்தைத் தொடக்கூடாது என்று உத்தரவு. இப்போது விடுமுறை நாளில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறாள்.