பஸ் என் வாசலில் நின்றது

எங்கள் நாகலூர் பஸ் யாருக்காகவும் நிற்கிற பஸ் அல்ல. எஸ்டேட் மானேஜர் கை காட்டியபோதுகூட முகத்தில் புகையை விட்டுவிட்டுப் போன வண்டி அது. அப்படிப்பட்ட பஸ் ஒருநாள் காலை, ஸ்டாப்புக்கு முன்னாலேயே வளைவில் இருக்கும் என் வீட்டு வாசலில் நின்றது. இறங்கி வந்த கண்டக்டர் என் கைத்தடியை வாங்கிக்கொண்டு, "பாத்து ஏறுங்க" என்றார்.

படியில் கால் வைக்காமல் அவர் முகத்தையே பார்த்தேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. தொடையில் வந்த கட்டி புற்றுநோய் என்று சொல்லி, கீழே சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சதையோடு சேர்த்து வெட்டி எடுத்து, பிறகு ஊரில் கரண்டு வைப்பது என்று சொல்கிற கதிர்ச் சிகிச்சையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நோயின் பெயர் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். கடைசி நாள் என்னைக் கட்டுப் பிரிக்கிற அறைக்கு அனுப்பிவிட்டு, டாக்டர் என் மனைவியிடம் தனியாக ஏதோ பேசினார். வெளியே வந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கேட்டதற்கு "சளி" என்றாள். சேலத்து வெயிலில் சளி!

அந்தக் கண்டக்டருக்கும் எனக்கும் பல வருஷத்து வாய்ச்சண்டை. நான் காபி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர். தினமும் தாமதமாகத்தான் ஓடிவருவேன். "ஏனுங்க ரைட்டரே, பஸ்ஸு என்ன உங்க மாமனாரு சீதனமா குடுத்ததா?" என்று வண்டியே சிரிக்கக் கேட்பார். "சீதனமா வந்திருந்தா உங்களைய முதல்ல எறக்கி உட்டிருப்பேன்" என்பேன். அந்த மனிதர் இப்போது ஜன்னலோர சீட்டைக் காலி செய்து கொடுக்கிறார்.

"யாராச்சும் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க."

அந்த 'ஒண்ணுமில்லீங்க'வில்தான் முடிவே செய்தேன். போகிற உயிருக்குத்தான் இவ்வளவு மரியாதை.

அதன்பிறகு எல்லாமே சாட்சி சொன்னது. டீக்கடைக்காரர் வடையைச் சூடாகக் கொடுத்தார்; அதுவரை நான் அவர் கடையில் சூடான வடையைப் பார்த்ததே இல்லை. எஸ்டேட்டில் என்னை ஆள் எண்ண மேட்டில் இருக்கும் மேல்காட்டுக்கு அனுப்பாமல், கீழே கொட்டகையில் காபிக்கொட்டை எடை பார்க்க உட்கார வைத்தார்கள். மனைவி மூன்று நாளில் இரண்டு தடவை கறி எடுத்தாள். தூங்குவதுபோல் படுத்து ஒட்டுக்கேட்கலாம் என்று கண்ணை மூடினேன், நிஜமாகவே தூங்கிவிட்டேன். சாகப்போகிறவனுக்கு இப்படி ஒரு தூக்கம். சாகும்போது சொல்ல நாலு நல்ல வார்த்தை யோசித்து வைத்தேன். எல்லாம் கேலியாகவே வந்தது.

கடைசியில் ஒரு பொய்யைப் போட்டேன்.

"ஏம்புள்ள, டாக்டரு என்கிட்டயே எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"சொல்லிட்டாரா? நானே சொல்லோணும்னுதான் இருந்தனுங்க. வாய் வரல."

"பரவால்ல, சொல்லு. எத்தன நாளு?"

"எத்தன நாளா? ஆயுசுக்கும்னு சொன்னாருங்க. அந்தக் கால் இனி பழைய கால் இல்லையாமா. மேடு ஏற முடியாதாமா. தடி இல்லாம ஆவாதாமா."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்னங்க?"

"சாவு?"

"யாரு செத்தா?"

அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் சிரித்தேன். நோய் திரும்ப வருகிறதா என்று அவ்வப்போது போய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதானாம். பஸ்ஸை நிறுத்தச் சொன்னதும், கொட்டகை வேலை கேட்டு மானேஜரிடம் போய் நின்றதும் அவள்தானாம். "இதுக்கு மேல தேறாதுன்னு தெரிஞ்சா நீங்க நடக்கறதையே உட்டுப்போட்டுப் படுத்துக்குவீங்கன்னு பயந்தனுங்க" என்றாள்.

சிரிப்பு அடங்கியபோதுதான் மேல்காடு ஞாபகம் வந்தது. அங்கே ஏறி நின்றால் சேர்வராயன் கோயில் மலை தெரியும். காலை வெயிலில் ஆட்களை எண்ணிவிட்டு ஒரு பீடி பற்றவைப்பேன். இனி அங்கே என் கால் போகாது. சாவதற்கு வசனம் வரை தயார் செய்திருந்தவன், ஒரு தடிக்குத் தயாராக இல்லை.

மறுநாளும் பஸ் வாசலில் நின்றது. ஏறி அதே ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன்.

"இங்க பாருங்க, நான் சாகலீங்க. காலு மட்டுந்தான் போச்சு" என்றேன்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அட, அவ்வளவுதானா? அந்தம்மா அழுத அழுகைக்கு நான் வேற என்னமோன்னு நெனச்சு, இத்தன நாளும் ஜன்னல் சீட்டக் குடுத்துப்போட்டனே! எந்திரிங்க, எந்திரிங்க!"

வண்டியே சிரித்தது. நான் ரோஷமாக எழுந்து கம்பியைப் பிடித்து நின்றேன். அடுத்த வளைவில் கால் மடங்கியது. அதற்குள் அவர் கை என் முதுகுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

"உக்காருங்க" என்றார், மெதுவாக.

இத்தனை வருஷம் உயிரோடு இருந்தும், அந்த மெதுவான குரலை மட்டும் நான் இன்றுவரை நம்பவில்லை.