பூட்டுப் போட மறந்த சனிக்கிழமை

மழை பெய்து கூரை ஒழுகினால் எந்த வாளி எங்கே போக வேண்டும் என்பது டோரீன் கான்யோனுக்கு மனப்பாடம். மஞ்சள் வாளி கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே. சோப்பு வாளி பால் பெட்டிக்குப் பக்கத்தில். பெரிய அலுமினியச் சட்டி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசைக்கு நடுவில்; அதைச் சுற்றி உட்கார்ந்துதான் அவர்கள் சாப்பிடுவார்கள். கார்விக் ஊர்ப் பள்ளியில் சமையல் வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம் இது. ஒரு சமையல்காரிக்கு இப்படியொரு பாடம் சொல்லிக்கொடுத்த ஊருக்கு வெட்கம் வேண்டாமா என்றால், எங்கள் ஊருக்கு அது என்றைக்குமே கொஞ்சம் குறைச்சல்தான்.

அவள் அதே பள்ளியில்தான் படித்தாள். அப்பா மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். வீட்டில் பேச்செல்லாம் கனடாப் பிரெஞ்சு. ஆறு வயதில் ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து, பன்னிரண்டு வயதில் வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவளாக வெளியே வந்தாள். பிறகு ரோலண்டைக் கட்டிக்கொண்டாள். அவன் ஊர்ச் சாலைகளில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். பிள்ளைகள் பிறக்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேச மாட்டாள், தெரிந்தவர்களும் கேட்க மாட்டார்கள்.

பள்ளியில் இருப்பது ஒரே ஒரு கூடம். பிள்ளைகள் ஓடி விளையாடுவது அதில், சாப்பிடுவது அதில், வருஷா வருஷம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை ஊர் கூடி, பள்ளிக்கு எவ்வளவு பணம் என்று வாக்கு அட்டையைத் தூக்கி முடிவு செய்வதும் அதிலேதான். அந்தக் கூடத்தின் கூரை இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்கினால் பெரிசு என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். கூடம் போனால் பள்ளியும் நிலைக்காது. எழுபத்துநாலு பிள்ளைகளும் மலையைச் சுற்றிக்கொண்டு ஐம்பது நிமிஷம் பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான். புதுக் கூரைக்குக் கேட்ட பணமோ, ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு சுமை விறகின் விலை. அதற்கு இரண்டு தடவை 'முடியாது' என்று அட்டையைத் தூக்கிய புண்ணியவான்கள் எங்கள் ஊரார்.

மூன்றாம் தடவை டோரீனே தெருவில் இறங்கினாள். கூடவே ஷானா லாரோக். ஷானா மாட்டுப் பண்ணைக்காரி, பள்ளிக் குழுவின் தலைவி. பிப்ரவரிப் பனியில் இரண்டு பேரும் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். எல்வுட் டிராஸ்க்கின் வீட்டையும் விடவில்லை. எல்வுட் ஜல்லிக் குழிக்குச் சொந்தக்காரர், வயது எழுபத்தொன்பது. கூட்டத்தில் கடைசி வரிசையில் தன் கோஷ்டியோடு உட்கார்ந்து எதற்கும் 'முடியாது' சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவர்.

"நாங்க படிச்சப்போ ஒரே ரூம். ஒரு விறகடுப்பு. செத்தா போயிட்டோம்?" என்றார் வாசலிலேயே நிற்க வைத்து.

"நீங்க படிச்சப்போ கூரை ஒழுகலையே, எல்வுட்."

"ஏம்மா டோரீன், உனக்குப் பிள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல. உனக்கெதுக்கு இந்தப் பனியில அலைச்சல்?"

ஷானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. டோரீன் அசையவில்லை.

"உங்க ஜல்லிக் குழி ரோட்டுல விடியக்காலம் நாலு மணிக்கு எங்க வீட்டுக்காரர் பனி வாருறாரே, எங்களுக்கு ஜல்லியா வேணும்?"

எல்வுட் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் டோரீன் ரோலண்டிடம் இதைச் சொல்லிவிட்டு, சிரிக்கத் தொடங்கி, பாதியில் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஊரே வருகிறதே என்று கூடத்தைத் தேய்த்துக் கழுவி, வாளிகளையும் சட்டியையும் சாமான் அறைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டாள். கறை பிடித்த கூரைப் பலகைகளைக்கூட மாற்றச் சொல்லிக் காவலாளியை ஏணியில் ஏற்றினாள். விருந்தாளி வருகிறார் என்றால் கிழிந்த பாயை மறைத்து வைக்கும் புத்திதான், வேறென்ன?

ஷானா அவள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தாள். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தீர்மானம் நிறைவேறினாலும் கூட்டம் கலைகிறவரைக்கும் அதைத் திரும்ப எடுத்து மறுபடி வாக்கெடுக்கலாம். அதைத் தடுக்க வேண்டுமானால், ஜெயித்த கையோடு யாராவது எழுந்து, 'இதை இன்றைக்கு மறுபடி எடுக்கக் கூடாது' என்று ஒரு வரி சொல்லி, அதற்கும் கையைத் தூக்க வைக்க வேண்டும். பூட்டுப் போடுவது என்போம்.

"அந்த வேலை உங்களோடது, டோரீன்," என்றாள் ஷானா. "குழுவுல இருக்கிற நாங்களே எழுந்தா மொறைப்பாங்க. நீங்க சொன்னா எவனும் வாயத் திறக்க மாட்டான். உங்க கையால சாப்பிடாதவன் யாரு இங்க?"

"ஒரு வரிதானே? சொல்லிடறேன்."

சீட்டைச் சமையல் ஏப்ரனின் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. வெளியே கடுங்குளிர், கூரையில் எல்லாம் உறைந்து கிடந்ததால் ஒரு சொட்டும் விழவில்லை. எல்வுட் எழுந்தார். அண்ணாந்து பார்த்தார். பளபளக்கும் தரையைப் பார்த்தார்.

"எங்கங்க ஒழுகுது? ஒரு சொட்டக் காட்டுங்க. எங்க வீட்டுக் கூடம்கூட இவ்வளவு சுத்தமா இல்ல."

கூடம் சிரித்தது. பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் நின்ற டோரீன், சாத்திக் கிடந்த சாமான் அறைக் கதவைப் பார்த்தாள். ஷானா பொறியாளரின் கடிதத்தை வாசித்தாள். முதல் வகுப்பு ஆசிரியை பேசினாள். பனி லாரிக்காரர்கள் நாலு பேர் வரிசையாக எழுந்து, "எங்க பிள்ளைங்க தலைமேல விழறதுக்கு முன்னாடி மாத்துங்க" என்றார்கள். பிறகு கூட்டத் தலைவர் வின்ஸ்லோ வாக்குக் கேட்டார். அட்டைகள் உயர்ந்தன. டோரீனும் வெளியே வந்து தன் அட்டையைத் தூக்கிக்கொண்டே கடைசி வரிசையைப் பார்த்தாள். எல்வுட் டிராஸ்க்கின் கையில் அட்டை 'வேண்டும்' என்பதற்கு உயர்ந்திருந்தது!

"சரி, பிள்ளைங்க பாவம்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம், எல்லார் காதிலும் விழும்படி.

வேண்டும் நூற்றுப் பதினெட்டு, வேண்டாம் தொண்ணூற்றேழு. கைதட்டல் கூரையைத் தூக்கியது. அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து, "டோரீன், மொச்சை அடிபிடிக்குது!" என்று குரல் வந்தது. இருபத்தாறு வருஷமாகக் கூட்டத்தில் கைதட்டல் கேட்டால் சாப்பாட்டு நேரம் என்று பழகிய கால்கள். ஓடிவிட்டாள். ஷானாவோ, கன்று போட முடியாமல் மாடு தவிக்கிறது என்று போன் வர, எண்ணிக்கை சொன்னதுமே கிளம்பியிருந்தாள். பூட்டு யார் கையிலும் இல்லை. வின்ஸ்லோ அடுத்த தீர்மானத்துக்குப் போனார், பிறகு சாப்பாட்டுக்கு விட்டார்.

அன்றைக்கு டோரீன் பரிமாறிய மாதிரி ஒருநாளும் பரிமாறியதில்லை. மொச்சை, பன்றித்தொடைக் கறி, மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை. எல்வுட் தட்டை நீட்டியபோது இரண்டு துண்டு வைத்தாள்.

"நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல, எல்வுட்."

"நான் என்ன அவ்வளவு கெட்டவனா?" என்று சிரித்தார் மனுஷன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாய்க்கு இவள் இரண்டு துண்டு ஆப்பிள் பை வேறு வைத்தாள்.

ஒரு மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது. ரோலண்டும் மற்ற லாரிக்காரர்களும் சாலைக்குப் போனார்கள். கைக்குழந்தைக்காரர்கள், மாட்டுப் பண்ணைக்காரர்கள், எல்லாம்தான் முடிந்ததே என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசி வரிசையில் மட்டும் ஒரு தலையும் நகரவில்லை. டோரீன் காபிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே எல்வுட்டின் குரல் கேட்டது.

"தலைவரே, நான் 'வேண்டும்'னு ஓட்டுப் போட்டவன். ஜெயிச்ச பக்கத்துக்காரன்கிற முறையில, அந்தக் கூரைத் தீர்மானத்த மறுபடி எடுக்கணும்னு கேட்டுக்கறேன்."

ஜெயித்த பக்கத்தில் வாக்களித்தவர்தான் மறுபடி எடுக்கச் சொல்லலாம் என்பது விதி. அதற்காகத்தான் காலையில் அந்த அட்டை உயர்ந்தது! டோரீனின் ஈரக் கை ஏப்ரன் பைக்குள் போனது. சீட்டு அங்கேயே இருந்தது, மடிப்புக்கூடக் கலையாமல்.

"முடியாது!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தாள். "பூட்டு... நான் இப்ப போடறேன்."

"தீர்மானத்த ஏற்கெனவே மறுபடி எடுத்தாச்சு, டோரீன்," என்றார் வின்ஸ்லோ, தரையைப் பார்த்துக்கொண்டு. "காலையில சொல்லியிருக்கணும்."

அவள் போனில் ரோலண்டைக் கூப்பிட்டாள். லாரி மலைமேல் இருந்தது. ஷானா எடுக்கவில்லை, அவள் கை மாட்டுக்குள் இருந்தது. பேச்சை நிறுத்தி வாக்கெடுக்கச் சொல்லிக் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். இருபதே நிமிஷம். வேண்டும் அறுபத்துநாலு, வேண்டாம் எழுபத்தொன்பது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எல்வுட்டின் மச்சான் உட்காராமலே, "இத இன்னிக்கு மறுபடி எடுக்கக் கூடாது" என்று பூட்டையும் போட்டுவிட்டார். அவர்களுக்கு மொச்சை அடிபிடிக்கவில்லை பாருங்கள்.

எல்வுட் தட்டைத் தானே ஜன்னலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"மனசுல வச்சுக்காதம்மா. விதிப்படிதானே எல்லாம் நடந்துச்சு?"

"விதிப்படிதான்," என்றாள் டோரீன். "என் கையால சாப்பிட்டுட்டு, என் முகத்தப் பாத்து சிரிச்சுட்டு, உள்ளுக்குள்ள இத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க பாருங்க. அதுக்கு எந்தப் புஸ்தகத்துல விதி இருக்கு?"

"நீ மறந்துட்டு என்னை ஏசறியே."

அது உண்மை. அதுதான் அவளை அறுத்தது. திருடன் திருடன்தான், ஆனால் கதவைத் திறந்து போட்டவள் தான்தான் என்று அந்த வருஷம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். ரோலண்ட் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "கூரையில ஓட்ட போட்டது நீயா? மூணு தடவை காசு தர மாட்டேன்னது நீயா? ஒரு வரி மறந்தா உன் தப்பு, ஒரு ஊரே மறந்தா அது சிக்கனமா?" என்று சத்தம் போட்டான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனால் கோபத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது புரிந்தது.

அடுத்த ஜனவரியில் கூரையின் நடு உத்தரம் விரிசல் விட்டது. தீயணைப்புத் தலைவர் வந்து பார்த்தார், கூடத்துக்கும் சமையலறைக்கும் சேர்த்துத் தடை போட்டார். டோரீன் வீட்டில் சமைத்து, வண்டியில் கொண்டுவந்து, வகுப்பு வகுப்பாகக் கொடுத்தாள். கூடத்துச் சாமான்களை அடைத்ததில் ஆறாம் வகுப்பு அறையில் இடமில்லாமல், அவர்களைச் சாப்பாட்டுக்குப் பழைய சைக்கிள் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். பதினோரு பிள்ளைகள் கோட்டும் குல்லாயுமாக, ஒரு கையில் மட்டும் உறையைக் கழற்றிவிட்டு, ஆறிப்போன சூப்பைக் குடித்தார்கள்.

மார்ச் கூட்டம் தீயணைப்பு நிலையத்தில் நடந்தது, வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு. டோரீன் சமைக்கவில்லை. சாப்பாடு எங்கே என்று கேட்டவர்களிடம், "இன்னிக்கு நானும் உங்கள மாதிரி ஒரு வாக்காளர்" என்றாள். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கேட்ட தொகை போன வருஷத்தைவிடக் கால் பங்கு கூடியிருந்தது. ஏன் கூடிற்று என்று கேட்க எழுந்தவர்கள் யார் தெரியுமா? போன வருஷம் எதிர்த்தார்களே, அவர்களேதான்!

வேண்டும் நூற்று முப்பத்தொன்று, வேண்டாம் எண்பத்தெட்டு. எல்லாரும் கைதட்டினார்கள். டோரீன் தட்டவில்லை. வின்ஸ்லோ எண்ணிக்கையைச் சொல்லி வாயை மூடுமுன் எழுந்துவிட்டாள்.

"இத இன்னிக்கு மறுபடி எடுக்கக் கூடாதுன்னு கேட்டுக்கறேன்."

அட்டைகள் உயர்ந்தன. பூட்டு விழுந்தது. அப்போதுதான் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். ஷானா அவள் காதில் சொன்னாள்: "பாத்தீங்களா? இந்தத் தடவையும் எல்வுட் 'வேண்டும்'னுதான் தூக்கினாரு." எல்வுட் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம்வரை காத்திருக்க அவருக்கு இனி வேலையில்லை.

ஷானா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஜெயிச்சிட்டோம், டோரீன்! கொஞ்சம் சிரிங்களேன்."

"எதுக்குச் சிரிக்கணும்?" என்றாள் டோரீன். "இதே ஆளுங்க போன மார்ச்சுல ஒரு ரெண்டு மணி நேரம் கூடுதலா உக்காந்திருந்தா போதுமே. கூரை இலையுதிர் காலத்துலதான் வரும். கொட்டாயில குளிர்ல சாப்பிட்ட ஆறாங்கிளாஸ் பதினோரு பேரும் ஜூன்ல இந்தப் பள்ளிக்கூடத்த விட்டே போயிடுவாங்க. அவங்களுக்கு எந்தக் கூரை?"

ஷானா கையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி அவளுடைய மகள்.