விரல் நீள வயர்

வயர்ச் சுருளின் நுனியை இழுத்து, இடது சுட்டுவிரலோடு சேர்த்துப் பிடித்து, விரல் முடியும் இடத்தில் வெட்டுகிறார். துண்டு ஒரு காகித உறைக்குள் போகிறது. உறைமீது தேதி, சப்ளையர் பெயர், சுருள் எண். பிறகு ஒட்டிய வாயின்மேல் பாதியும் உறையின்மேல் பாதியுமாக ஒரு கையெழுத்து. மேசை விளக்கு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நான் பண்டகக் காப்பாளனாக இருந்த ஒன்பது ஆண்டுகளும் பார்த்த காட்சி இது. தரப்பிரிவில் வேலை செய்யும் இவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உண்டு. மற்ற எல்லோருக்கும் இவர் துண்டக்கா.

"சேத்து வச்சு வீட்டுக்கே வயரிங் பண்ணிடுவீங்க போலிருக்கே, அக்கா?" என்பார் லாரி டிரைவர்.

"பண்ணுவேன். முதல்ல உன் வாய்க்கு ஒரு சுவிட்சு வைக்கிறேன்."

வயரின் மேலுறை சூட்டில் வெடிக்காதிருக்க ஈயம் கலப்பது பழைய வழக்கம். விளக்கு பழசாகிக் குப்பைக்குப் போய், யாரோ அதை எரித்துச் செம்பைப் பிரிக்கும்போது அந்த ஈயம் அவர்கள் மூச்சில் ஏறும். ஆகவே சட்டம் அதைத் தடுக்கிறது. 'வரம்பை மீறிய ஈயம் இல்லை' என்ற உறுதிமொழியில் கையெழுத்திடுபவர் துண்டக்கா. அதற்குச் சப்ளையரின் கடிதமே போதும். துண்டு வேண்டும் என்று விதி கேட்கவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விதிகளை மூன்று முறை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

துண்டக்கா வீட்டிலும் இப்படித்தான். தீர்ந்துபோன பேட்டரி எதுவும் குப்பைத்தொட்டிக்குப் போகாது. சேகரிப்பு மையத்துக்குப் போகும்வரை சமையலறை ஜன்னலில் ஜாடி ஜாடியாக நிற்கும். "செத்த பேட்டரிக்கெல்லாம் இடமிருக்கு, எனக்கு ஒரு நாற்காலி போட இடமில்ல" என்பது கணவரின் நிரந்தரப் புகார்.

சென்ற ஆண்டு நானூறு விளக்குகள் வயரில் ஈயம் இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டன. ஒதுக்கி வைத்திருந்த பழைய வயரை நான் எடுத்துக் கொடுத்துவிட்டதாக எழுதி, நிர்வாகம் என்னை வேலையிலிருந்து நீக்கியது. அந்த ஆணையும், என் ஆறு பதில்களும், அவற்றின் அஞ்சல் ரசீதுகளும் என்னிடம் உள்ளன. இல்லாதது ஒன்றுதான்: அந்த விளக்குகளுக்கென்று வந்த புதிய சுருளின் துண்டு. அதிலேயே ஈயம் இருந்தால் என் பழி நீங்கும். சோதிக்காமல் உறுதிமொழி கொடுத்த பழி துண்டக்காவின் மேல் விழும். அவர் ஓய்வுபெற இன்னும் ஏழு மாதங்கள் இருக்கின்றன.

போன வாரம் அரசு அதிகாரி விசாரணைக்கு வந்தார். என்னையும் அழைத்திருந்தார்கள். மேலாளர் துண்டக்காவின் பக்கம் சாய்ந்து, மிகுந்த பரிவோடு, "பழசையெல்லாம் எலி கடிச்சிருக்குமே, அக்கா?" என்றார்.

"எலிக்கு என் கையெழுத்து பிடிக்காது, சார்."

துண்டக்கா உறைகளை அடுக்கி வைத்திருந்த பிஸ்கட் டப்பாக்களில் நான்காவதைத் திறந்து, தேடாமலே ஓர் உறையை உருவினார். என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே டெஸ்டுக்கு அனுப்பியிருக்கணும், தம்பி. லெட்டர்தான் இருக்கேன்னு விட்டுட்டேன்."

அதிகாரி கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம், சார்."

உறையைப் பிரித்து, துண்டைச் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதியை அதிகாரியிடம் கொடுத்தார். மறுபாதியைப் புதிய உறையில் இட்டு, தேதியும் சப்ளையர் பெயரும் சுருள் எண்ணும் எழுதினார். அவற்றுக்குக் கீழே, 'சோதிக்காமல் ஏற்றுக்கொண்டவர்' என்று எழுதி, தம் முழுப்பெயரையும் எழுதினார். பிறகு வாயை ஒட்டி, பாதி அதன்மேலும் பாதி உறைமேலுமாகக் கையெழுத்திட்டார்.