கிளிமூக்கில் வெள்ளிப் பெயின்ட்

வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் முடிச்சுப் போடுகிற பாகத்தை எங்கள் யார்டில் முடிச்சுப் பெட்டி என்போம். இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் அதற்கு நாட்டர் என்று பெயர். பெட்டி என்று சொன்னாலும் அதற்கு மூடி கிடையாது. இரண்டு பல்சக்கரம், ஒரு கத்தி, ஒரு தகடு, நடுவில் சுண்டுவிரல் அளவுக்கு வளைந்த ஓர் இரும்புக் கொக்கி. அந்தக் கொக்கிக்குக் கிளிமூக்கு என்று பெயர் வைத்தது டிரைவர். பெயர் நிலைத்துவிட்டது. கட்டுக்கு இரண்டு கயிறு என்பதால் முடிச்சுப் பெட்டியும் இரண்டு, கிளிமூக்கும் இரண்டு.

கயிறு கீழேயிருந்து வரும். மூக்கு ஒரு சுற்றுச் சுற்றும்போது கயிறு அதன்மேல் வளையமாக விழும். மூக்கு வாயைத் திறந்து கயிற்றின் இரண்டு முனைகளையும் கவ்வும். கத்தி அறுக்கும். தகடு வந்து வளையத்தை மூக்கிலிருந்து வழித்துத் தள்ளும். வளையம் வழுக்கிக்கொண்டு முனைகளின் மேல் இறங்கினால் முடிச்சு. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வளையம் வழுக்க வேண்டும், அவ்வளவுதான். வழுக்காவிட்டால் கயிறு அறுந்து வைக்கோல் அவிழ்ந்து விழும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்து முடித்த நாள்கூட என் டைரியில் இருக்கிறது.

கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்த அந்த யார்டில் நான் பதினாறு ஆண்டுகள் ஸ்டோர் பார்த்தேன். டிராக்டர், கலப்பை, கதிரடிக்கும் இயந்திரம் எல்லாம் வாடகைக்குப் போய்வரும். இரண்டாயிரத்துக்குப் பிறகு அறுவடை இயந்திரங்கள் எங்கள் பக்கம் கூட்டமாக வர ஆரம்பித்தன. அவை நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை நசுக்கி வயல் முழுக்க இறைத்துவிட்டுப் போகும். மாடு வைத்திருந்தவர்கள் அதை வாரிக் கட்ட ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள். அதைப் பார்த்து முதலாளி வடக்கே இருந்து பழைய கட்டும் இயந்திரம் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அதை இழுக்கும் டிராக்டருக்கு டிரைவராகப் போட்ட ஆள் அடி அண்ணாமலைக்காரர். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் முதலாளியின் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் தேய்ந்துவிட்டது, இனி பாரம் தூக்கினால் கால் மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எக்ஸ்ரே படத்தை உறையோடு கொண்டுவந்து என்னிடமும் காட்டினார். அவருக்கு டிராக்டர் ஓட்டத் தெரிந்திருந்தது அதிர்ஷ்டம். அந்த சீட் கிடைத்ததால் அவர் உட்கார்ந்து சம்பாதித்தார். சீட் போனால் மறுபடி மூட்டைதான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முதல் இரண்டு சீசன்கள் முடிச்சு நன்றாகவே விழுந்தது. மூன்றாவது வருடம் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜைக்கு யார்டைக் கழுவி, இரும்பு எதுவும் துருவோடு நிற்காதபடி பெயின்ட் அடிப்பது வழக்கம். யார் எதற்கு எந்த நிறம் அடிப்பது என்று பட்டியல் போடுவது என் வேலை. கட்டும் இயந்திரத்தை நானே எடுத்துக்கொண்டேன். உடம்புக்குச் சிவப்பு, சங்கிலி மூடிக்குக் கறுப்பு. கேட்டுக்கு அடித்த வெள்ளிப் பெயின்ட் டப்பாவில் அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. திறந்த டப்பா காய்ந்து வீணாகும். மழைக்காலத்து ஈரத்தில் இரண்டு கிளிமூக்கிலும் லேசாகச் செம்மை படிந்திருந்தது. துணியால் துடைத்து, சின்ன பிரஷ்ஷால் இரண்டு கை வெள்ளி அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. டிரைவர் அன்று சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். மறுநாள் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினோம். பிறகு தை மாதம் வரை அதைத் தொடவில்லை.

தையில் முதல் வயல் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஓர் அம்மாவுடையது. கணவர் இல்லை, ஆறு மாடுகள். பனி காய்ந்து பத்து மணிக்கு ஓட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். பதினொன்றரைக்கு டிரைவர் போன் செய்தார்.

"சார், முடிச்சு வியமாட்டேங்குது. ரெண்டு கட்டுக்கு ஒரு கட்டு அவுந்து போவுது."

"கயிறு எந்தக் கயிறு?"

"நீங்க குட்த்ததுதான் சார்."

வேறு கயிறு அனுப்பினேன். சரியாகவில்லை. கயிற்றின் இறுக்கத்தைக் கூட்டச் சொன்னேன், பிறகு குறைக்கச் சொன்னேன். கத்தியைத் தீட்டச் சொன்னேன். இரண்டு நாளும் என்னென்ன சொன்னேன் என்று மணியோடு எழுதிவைத்திருக்கிறேன். ஏழு யோசனைகள். ஏழும் தவறு. அவிழ்ந்த கட்டுகளை டிரைவர் இறங்கி இறங்கிக் கையால் கட்டியிருக்கிறார். குனிவது அவருக்கு ஆகாது.

வியாழக்கிழமை மாலை முதலாளி யார்டில் அவரை நிற்கவைத்துப் பேசினார். நான் கயிற்று உருண்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷம் ஒழுங்கா கட்டின மிஷினு. உன்னத் தவிர யாரும் தொடல. இன்னா பண்ண அத?"

"ஒண்ணியும் பண்லீங்க மொதலாளி. கிரீஸ் வெச்சேன், எடுத்துனு போனேன்."

"சனிக்கிழமைக்குள்ள கட்டணும். இல்லன்னா ஆத்தூர்ல ஒரு ஆளு கேட்டு வெச்சிருக்கேன். அவன் வந்து ஓட்டட்டும். நீ பழையபடி மில்லுக்கு வந்துடு."

 டிரைவரின் கை தானாக இடுப்புக்குப் பின்னால் போயிற்று.

வெள்ளிக்கிழமை நானே பஸ் ஏறி வயலுக்குப் போனேன். டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் அந்த அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"மிஷினு கட்டும்னு சொல்லித்தான் வரச்சொன்னேன் சார். இங்க பாத்தா அந்த மனுஷன்தான் கட்டறாரு. இதுக்கு மிஷினு இன்னாத்துக்கு, அவரையே வாடகைக்கு உட்ருக்கலாமே."

"ஏம்மா, நான் நாலு மாடு திங்கற அளவுக்குக் கட்டிட்டேன், உனுக்கு இன்னும் ரெண்டு மாடுதானே பாக்கி" என்றார் டிரைவர், சீட்டிலிருந்து இறங்காமல்.

"ரெண்டு மாடும் உம்மூஞ்சியத்தான் பாத்துனு நிக்கிதுங்க."

நான் இயந்திரத்தின் பின்னால் நடந்து, அறுந்த கயிற்று முனைகளைப் பொறுக்கினேன். சேகரித்து ஒரு கவரில் போட்டு ஒப்பிடலாம் என்பது என் எண்ணம். பத்துப் பன்னிரண்டு முனைகள் சேர்ந்ததும் உள்ளங்கையில் வைத்து வெயிலில் பார்த்தேன். ஒவ்வொரு முனையிலும் மினுமினுவென்று வெள்ளித் தூள் ஒட்டியிருந்தது.

வெள்ளிப் பெயின்ட் அடித்தது யார் என்பதற்கு நான் டைரியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். கிளிமூக்கைத் தொட்டேன். பெயின்ட் பாதி உரிந்து, பாதி திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு சொரசொரவென்று இருந்தது. அதன்மேல் கயிறு எப்படி வழுக்கும்? பையிலிருந்து உப்புத்தாள் எடுத்து இரண்டு மூக்கையும் தேய்த்தேன். பிறகு இன்னும் மெல்லிய தாளால் தேய்த்து, விரல் வைத்தால் நிற்காத அளவுக்குக் கொண்டுவந்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. டிரைவர் சக்கரத்தின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டினோம். முதல் கட்டு இறுகி விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. நாற்பது வரை எண்ணினேன், ஒன்றும் அவிழவில்லை. அந்த அம்மா வந்து ஒரு கட்டைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலாளிக்குப் போன் செய்தேன். கிளிமூக்கில் பெயின்ட் இருந்தது, சுரண்டிவிட்டேன், இப்போது கட்டுகிறது என்றேன்.

"பெயின்ட்டா? அறிவு கெட்டவன். மூணு நாளா அதுமேலயே உக்காந்துனு இருந்தான், இதுகூடத் தெரியல. நீங்க போய் ஒரு மணி நேரத்துல கண்டுபுடிச்சிட்டீங்க. ஆத்தூர்க்காரன வரச்சொல்லிடறேன் சார். இந்த ஆளு இதுக்கு லாயக்கில்ல."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். 'அடித்தது நான்' என்று இரண்டு சொல். வாய் வரவில்லை. இத்தனை ஆண்டில் என் கையால் ஒரு சாமான் கெட்டதில்லை என்று அவர் பலரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "சரிங்க" என்றேன். பஸ்ஸில் திரும்பும்போது மிகவும் அசதியாக இருந்தது. ஒன்றரை ஏக்கர் வைக்கோலையும் நானே கட்டியதுபோல. அன்றைய டைரியில் இயந்திரம் சரியாயிற்று என்று ஒரு வரி இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஸ்டோரைத் திறப்பதற்கு முன்பே முதலாளியின் மேஜைக்குப் போனேன். டிரைவர் சாவியை ஒப்படைக்க வந்து வாசலில் நின்றார். உள்ளே பெஞ்சில் ஆத்தூர்க்காரர் தோள்பையோடு உட்கார்ந்திருந்தார். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

"கிளிமூக்குக்குப் பெயின்ட் அடித்தது நான். ஆயுத பூஜைக்கு. இவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், கடைசியில் பெஞ்சைப் பார்த்தார்.

"நேத்து போன்லயே சொல்லியிருந்தா இவர வரச்சொல்லியிருக்கமாட்டேனே சார். ராத்திரியோட கெளம்பி வந்த மனுஷன, திரும்பிப் போன்னு எப்படி சொல்றது? சொல்லு சுத்தமா இருக்கணும் இல்ல."

ஆத்தூர்க்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மீது ஒரு பிழையும் இல்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். ஸ்டோரில் எனக்கு ஓர் உதவியாள் வேண்டும், டிரைவரை அதில் போடலாம், உட்கார்ந்த வேலை.

"அவனுக்கு ரிஜிஸ்டர் எழுத வருமா?"

"எழுத வராதுங்க" என்றார் டிரைவர் வாசலிலிருந்து. "ஆனா எதுமேல பெயின்ட் அடிக்கக் கூடாதுன்னு தெரியும்."

ஆத்தூர்க்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு முதலாளி. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. சிரிப்பில் முதலாளியின் கோபம் கொஞ்சம் இறங்கியது. புது ஆள் ஓட்டட்டும், நீ பின்னாலேயே நடந்து முடிச்சைப் பார்த்துக்கொள், மூட்டைக்குப் போக வேண்டாம் என்றார். அவர் அளவில் அது தாராளம்தான். டிரைவர் சாவியை மேஜைமேல் வைத்தார். ஆத்தூர்க்காரர் உடனே எடுக்கவில்லை. டிரைவர் வெளியே போகும்வரை காத்திருந்து எடுத்தார்.

நானும் அவர் பின்னாலேயே கேட் வரை போனேன்.

"தினம் எழுதறீங்க சார்" என்றார். "எழுதினத என்னிக்காவது படிப்பீங்களா?"

அந்த சீசன் முழுக்க அவர் இயந்திரத்தின் பின்னால் நடந்தார். ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் நடை வரும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவரிடம் சொல்லவில்லை. தூக்குகிற வேலை இல்லை, ஆனால் உட்காருகிற வேலையும் இல்லை. ஒவ்வொரு கட்டு விழும்போதும் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார். தொட வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். தொடாமல் எப்படித் தெரியும் என்றார். மாசி பிறந்தபோது இடதுகாலை இழுத்து வைக்க ஆரம்பித்திருந்தார். மதியம் வயலோரம் மல்லாந்து படுத்து, முதுகுக்கு அடியில் ஒரு சின்ன மரக்கட்டை வைத்துக்கொள்வார். முதலாளியிடம் இரண்டு முறை போய்ச் சொன்னேன். ஆத்தூர்க்காரர் போகட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

ஆத்தூர்க்காரர் பங்குனியில் அறுவடை இயந்திரத்தோடு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். முதலாளி சாவியை என்னிடம் கொடுத்து, டிரைவரை வரச்சொல்லி அனுப்பினார். அடி அண்ணாமலைக்கு நானே போனேன். வீட்டு வாசலில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்கார இரண்டு முயற்சி வேண்டியிருந்தது. சாவியை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"கிளட்ச்சு எடதுகாலு சார்" என்றார். "மிதிச்சா மரத்துப் போவுது."

சாவியைத் திருப்பி என் கையில் வைத்தார்.