சுவரில் போட்ட கோடு

கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்க இன்று மாணவிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். உடன் வேலை பார்க்கும் டீச்சர் சாக்பீஸை நீட்டினார். "மேடம், செவுத்துல ஒரு கோடு போட்டுடுங்க. அதுக்குக் கம்மியா இருக்கறவங்கள அனுப்பிடலாம்."

சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டியதும் மல்லிகா நினைவுக்கு வந்தாள்.

அப்போது நான் பள்ளி அணியின் கேப்டன். உயரம் பார்க்கச் சுவரில் கோடு போடுவது என் வேலை. ஒன்பதாவது படித்த மல்லிகாவின் தலை கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. "போ" என்றேன். அவள் போகவில்லை. தினமும் வந்து பந்து பொறுக்கிப் போட்டாள். பௌர்ணமியன்று பந்து மைதானத்தை ஒட்டிய கிரிவலப் பாதைக்கு உருண்டுவிட்டால், நடப்பவர்களின் கால்களுக்கிடையே புகுந்து எடுத்துவருவாள்.

ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன். பந்து வளையத்தில் பட்டுத் தெறிப்பதற்குள், அது விழப்போகும் இடத்தில் அவள் நின்றிருந்தாள். அணியில் சேர்த்தேன். குறி தவறிய பந்தெல்லாம் அவள் கைக்கே வந்தது. தோற்றுக்கொண்டே இருந்த நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம்.

"எப்படிடி உனக்குத் தெரியுது?"

"போன வருஷமே தெரியும்க்கா. நீங்கதான் தலைய மட்டும் பாத்துட்டு அனுப்பிட்டீங்க."

பத்தாவதோடு அவளை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஆடக் கிடைத்தது ஒரே வருடம். இன்னொரு வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டுமென்றே குறி தவற, பந்தை வளையத்தின் மேல் வீசினேன். பந்தைப் பார்க்கவில்லை. யாருடைய கால் முதலில் நகர்கிறது என்று வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.