இரவல் பிள்ளைகள்

போன ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் ஒரு ரிட்டயர்மென்ட் விழா. ஓய்வு பெறுபவர் கல்வியியல் பேராசிரியர். ஹெட்மாஸ்டர்களுக்கே பள்ளி நடத்தக் கற்றுக்கொடுத்தவர். தேதிகளைத் துல்லியமாகக் குறித்து வைக்கும் என் பைத்தியம்தான் உங்களுக்குத் தெரியுமே... அவருடைய உத்தியோக வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது.

எழுதி அவரிடமே நீட்டினேன். படித்தார்.

"வருஷமெல்லாம் சரிங்க. ஒங்க பள்ளிக்கூடத்தைக் காணோமே?"

"அது வெறும் இன்ஸ்பெக்‌ஷன்தானே சார்?"

சிரித்தார்.

முதல் பொதுத் தேர்தல் முடிந்த கையோடு — ஆகவே 1952. திருமயம் பக்கத்துக் கிராமப் பள்ளியில் நான் இரண்டாம் வாத்தியார். பிள்ளைகள் குறைந்தால் என் வேலை போய்விடும். அவர் அப்போது பள்ளி இன்ஸ்பெக்டர். அவர் வரும் நாளில் வகுப்பு நிறைய வேண்டாமா? எங்கள் ஹெட்மாஸ்டர், அந்தக் காலத்தில் பலரும் செய்ததையே செய்தார் — பிள்ளைகளை இரவல் வாங்கினார். எங்கிருந்து? அதுவரை ஊர் பள்ளிப் படி ஏறவிடாத சேரியிலிருந்து!

எண்ணெய் தடவித் தலை வாரி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு சிறுமியிடம் கேட்டார்.

"நேத்து என்ன பாடம் நடந்துச்சு?"

"தெரியாதுங்க சாமி. எங்களை இன்னைக்கு மட்டுந்தான் வரச் சொன்னாக. நாளைக்கு வரப்படாதாம்."

ஹெட்மாஸ்டர் முகம் வெளுத்தது. என் சோறு போச்சு என்று நினைத்தேன்.

அவரோ கோபப்படவில்லை. "இம்புட்டுப் பிள்ளைக இருந்தா ரெண்டாவது வாத்தியார் கட்டாயம் வேணும். அப்படியே எழுதிடுறேன். ஆனா சொல்லாம கொள்ளாம மறுபடி வருவேன். இதே பிள்ளைக இருக்கணும்."

"ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க சார்..."

"இன்னைக்கு ஒத்துக்கிட்டாங்கள்ல?"

மறுநாளும் சேரிப் பிள்ளைகள் வந்தார்கள்.

சில பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் வீடு வீடாக ஏறி இறங்கினார். "பள்ளிக்கூடத்தையே மூடிருவாங்கப்பா... சம்மதமா?" முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார்கள்.

சொன்னபடியே, சொல்லாமல் வந்தார் இன்ஸ்பெக்டர். முதல் வரிசையில் அதே சிறுமி.

"நேத்து என்ன பாடம்?"

மூச்சு விடாமல் ஒப்பித்தாள்!

அதற்குப் பின் அவர் எத்தனையோ பதவிகள் பார்த்துவிட்டார். விழாவில் அத்தனையையும் வாசித்தார்கள் — நான் கடைசி நிமிஷத்தில் சேர்த்த அந்த 1952 வரியையும்.

ஒரு நாளைக்கென்று இரவல் வாங்கிய பிள்ளைகளை எங்கள் பள்ளி இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.