ஏழுமலை சார் பிரித்துக் கட்டிய போன்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு முதல் போன் வந்தது. பெருங்களத்தூரிலிருந்து ஒரு பெரியவர். சர்க்கரை பார்ப்பதற்காக வெறும் வயிற்றோடு காத்திருக்கிறாராம், ரத்தம் எடுக்க வேண்டியவர் இன்னும் வரவில்லையாம். ஐந்து நிமிடத்தில் முடிச்சூரிலிருந்து இன்னொருவர். மூன்றாவதாகப் பேசிய அம்மாள், காபி குடிக்காமல் தனக்குத் தலை வெடிக்கிறது என்று என்னைத் திட்டினார். வாங்கிய திட்டையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் ஏழுமலை சாருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் அவருடைய மனைவி கலா.

"வண்டி சாவிய கையில எடுத்தாரும்மா. அப்டியே உக்காந்துட்டாரு" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போயிருந்தது. ஐம்பத்து நான்கு வயது.

அந்த நிமிடத்தில் என் மனதில் முதலில் வந்தது அழுகை இல்லை. "ஐயோ, இனி அண்ணன் போன் கெட்டுப்போனால் யாரிடம் போவேன்?" என்பதுதான் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு மறைப்பானேன்? என் நன்றியைப் போலவே என் சுயநலமும் அவரைச் சுற்றித்தான் இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மேற்கு தாம்பரத்தில் ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் கூடம் இருக்கிறது. நான் அங்கே பதினோரு வருடமாக ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன். ஏழுமலை சார் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவார். கை அவ்வளவு லேசு. "ஊசி போட்டாச்சா?" என்று கண்ணை இறுக்கி மூடியபடி கேட்பவர்களிடம் "பஞ்சு வெச்சாச்சு, கண்ண தொறங்க" என்பார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. குழாயின் மேல் பெயர் எழுதி ஒட்டாமல் ஊசியைத் தொடவே மாட்டார். மற்றவர்கள் எடுத்துவிட்டு, வண்டியில் ஏறும்போது நினைவிலிருந்து எழுதுவார்கள். இவர் எதிரில் இருப்பவரின் வாயால் பெயரைச் சொல்ல வைத்து, எழுதி, காட்டி, அப்புறம்தான் தொடுவார். நேரம் வீணாகிறதே என்று நான் ஒருமுறை கடிந்துகொண்டபோது சொன்னார்: "பாக்கறதுக்கு எல்லார் ரத்தமும் ஒரே மாதிரிதாம்மா கீது. பேர் எழுதலன்னா உன் சக்கர எனக்கு, என் மஞ்சக்காமாலை உனக்கு."

மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் கூடத்தில் ஈ ஓட்டலாம். அந்த நேரத்தில் அவர் ஒரு பழைய லேப்டாப்பைத் திறந்து, ஊரார் தூக்கிப்போட்ட போன்களை வயரில் மாட்டிக்கொண்டு உட்காருவார். எட்டு வருடம், பத்து வருடம் ஆன போன்கள். "சார், காயலான் கடைக்காரன் உங்களைப் பார்த்தா தொழில் போட்டின்னு சண்டைக்கு வருவான்" என்று கேலி செய்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பார்.

அவர் செய்தது என்னவென்று எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆயிற்று. ஒவ்வொரு போனுக்குள்ளும் கம்பெனிக்காரர்கள் பூட்டி வைத்த ஒரு பகுதி உண்டு. போன் ஓடுவதே அதனால்தான். நமக்கு வேண்டாத கடை, விளையாட்டு, விளம்பரம் எல்லாவற்றையும் அதற்குள்தான் திணித்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கியவரால் அதில் ஒன்றைக்கூட அகற்ற முடியாது. போன் கிழடானால் அந்தச் சுமையாலேயே மூச்சு வாங்கும். ஏழுமலை சார் அந்தப் பூட்டைத் திறந்து, உள்ளே இருப்பதை அப்படியே முழுசாக லேப்டாப்புக்கு எடுப்பார். அதில் ஒரு பிரதி வைத்துக்கொள்வார். பிறகு பிரித்து, வேண்டாததைக் கழித்து, வேண்டியதைச் சேர்த்து, திரும்பக் கட்டி போனுக்குள் ஏற்றுவார். நகரவே நகராத போன் அதற்குப் பிறகு ஓடும்.

எல்லாம் கை பழகி வந்ததுதான், பழகும்போது கை சுட்டும் இருக்கிறது. எங்கள் கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் செல்வியின் போனை ஒருநாள் அவர் சாகடித்துவிட்டார். ஒரே பெயரில் அந்தப் போன் இரண்டு வகையாக வந்திருக்கிறது. மாடல் எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு. அதைப் பார்க்காமல் மற்றதன் சரக்கை இதில் ஏற்றிவிட்டார். "ஆள் மாத்தி ரத்தம் ஏத்திட்டேன்மா" என்று செல்வியிடம் நேராகப் போய்ச் சொன்னார். தன் போனை அவளிடம் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் ஒரு பட்டன் போனோடு சுற்றினார். செத்த போனைத் தூக்கி எறியவில்லை. ஆடிக்கொண்டிருந்த என் மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு போன்களுக்கும் ரத்தக் குழாயின் சட்டம்தான். ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் ஒவ்வொரு போனும் தனக்கென்று உள்ள எண்ணைக் காட்டும். அந்த எண்ணையும் மாடலின் கடைசி எழுத்தையும் குழாயில் ஒட்டும் லேபிளிலேயே எழுதி, போனின் முதுகில் ஒட்டிய பிறகுதான் வயரை மாட்டுவார்.

இனி என் அண்ணன் தேசிங்கு. பேருந்து நடத்துநர். அனகாபுத்தூரில் எங்கள் தெருமுனையில் நின்று அவர் கூப்பிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆள் திரும்பிப் பார்க்கும். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. காற்றை விழுங்கிப் பேச ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அது அவருக்கு வரவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டச் சொன்னால் சிலேட்டு பறந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டும் செயலி ஒன்றைப் புதுப் போனில் போட்டுக் கொடுத்தேன். அது ஒரு பெண்குரலில் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது. அண்ணன் என்னை முறைத்துவிட்டு ஒரு காகிதத்தில் எழுதினார்: "எவ இவ? என் வூட்ல எதுக்கு நியூஸ் வாசிக்கறா?" அதோடு அந்தப் போனையும் தொடவில்லை. நாளெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வாயாலேயே வாழ்ந்த மனிதர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, பிழைக்க வைத்தோமே, எதற்கு என்றுகூட எனக்குத் தோன்றியது.

அதை ஒரு மதியம் ஏழுமலை சாரிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவர், அண்ணனின் பழைய போன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. கீழே தடவினால் தெரிகிற மாதிரி அழுத்தும் பொத்தான் உள்ள போன். ஒருவரைக் கூப்பிடவே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அண்ணன் கைக்குப் பழகியது அதுதான் என்றார் சார். அண்ணன் தினமும் என்னென்ன பேசுவார் என்று அவரையே எழுதித் தரச் சொன்னார்.

அண்ணன் மூன்று நாள் யோசித்துப் பன்னிரண்டு வாக்கியம் எழுதினார். தண்ணி குடு. பசிக்குது. வலிக்குது. கொஞ்சம் சும்மா கீறியா. நடுவில், நடத்துநர் பழக்கதோஷமாக "உள்ள போ, உள்ள போ" என்றும் ஒன்று. பன்னிரண்டாவது, "போய்ட்டு வரேன்." அண்ணன் எங்கே போகப் போகிறார், இது எதற்கு என்று நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டேன். அண்ணன் அடியில் எழுதினார்: "முப்பது வருசம் சொல்லிட்டுதான் வூட்ட வுட்டு கெளம்பனேன். சொல்லாம போறது பொணந்தான்."

எங்கள் கூடத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் அறைதான் சத்தமில்லாதது. அங்கே கட்டிலில் உட்கார்ந்து ஏழுமலை சார் அந்தப் பன்னிரண்டையும் தன் குரலில் பேசிப் பதிவு செய்தார். "கொஞ்சம் சும்மா கீறியா" என்பதற்கு அவருக்குக் கோபமே வரவில்லை. அதுவரை யாரையும் அதட்டிப் பழகாத மனிதர். நான் எதிரில் நின்று, அவர் போன வாரம் தாமதமாக வந்ததற்காக இரண்டு வார்த்தை திட்டினேன். உடனே சரியாக வந்துவிட்டது.

பிறகு அண்ணனின் போனில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கடையும் விளையாட்டும் வானிலையும் போக, ஒரே ஒரு திரையை மட்டும் விட்டார். அதில் பன்னிரண்டு பெரிய கட்டங்கள். தொட்டால் உடனே பேசும். அந்தக் குரல்களைப் பூட்டிய பகுதிக்குள்ளேயே வைத்துக் கட்டினார். யாராவது தெரியாமல் போனை முழுசாக அழித்தாலும் பேச்சு போகாது என்றார். அன்று மாலை அண்ணன் முதலில் தொட்டது "தண்ணி குடு" இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே "கொஞ்சம் சும்மா கீறியா" என்பதை நான்கு முறை அமுக்கினார். திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

அதைக் கெடுத்தவளும் நானே. அண்ணன் பேரப்பிள்ளைகளின் படம் பார்க்கட்டும் என்று போனை வீட்டு இன்டர்நெட்டில் இணைத்தேன். "புதிய அப்டேட் வந்துள்ளது" என்றது. புதியது என்றால் நல்லதுதானே என்று "சரி" கொடுத்தேன். கம்பெனி அனுப்பியது தன் பழைய அமைப்பை உள்ளே தேடியிருக்கிறது. அங்கே இருந்ததோ ஏழுமலை சார் கட்டியது. போன் கம்பெனியின் பெயரைக் காட்டியபடி நின்றுவிட்டது. அண்ணன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

மறுநாள் மதியம்வரை ஏழுமலை சாரின் முகத்தைப் பார்க்காமலே டைப் அடித்தேன். பிறகு போனை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"பட்டன் இருந்தா மனுசன் அமுக்கத்தாம்மா செய்வான். தப்பு பட்டன வுட்டு வெச்சவன் மேல" என்றார். அரை மணி நேரத்தில் தன் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார். அப்டேட் கேட்கும் பகுதியையே பிடுங்கி எறிந்தார்.

அன்றுதான் மூன்று மெமரி கார்டுகளில் பிரதி எடுத்தார். முன்பு ஒரு வெள்ளத்தில் அவருடைய முதல் கணினி சேற்றோடு போயிருந்தது, அந்தச் சூடு மறக்கவில்லை. ஒன்று முடிச்சூரில் அவர் வீட்டில், ஒன்று அனகாபுத்தூரில் எங்கள் வீட்டில். "ரெண்டு வூட்டுக்கும் வர்றது ஒரே ஆத்து தண்ணிதான்" என்று அவரே சிரித்துவிட்டு, மூன்றாவதைக் கூடத்தின் அலமாரியில் வைத்தார். இரண்டாவது மாடிக்கு ஆறு ஏறாது. பிறகு, திரும்ப ஏற்றுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்லச் சொல்ல என்னை டைப் அடிக்க வைத்தார். நீங்கள்தான் இருக்கிறீர்களே, இது எதற்கு என்றேன். "ரிப்போர்ட்டுன்னா யார் படிச்சாலும் புரியணும்மா" என்றார். முதல் வரி: "முதலில் லேபிளைப் படிக்கவும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணனும் நானும் முடிச்சூருக்குப் போனோம். சார் வீட்டின் முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் லேபிள் சுருள் இல்லாமல் ஆள் யாரோ போலிருந்தார். அவர் ரத்தம் எடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் ஜனம் வந்திருந்தது. காபிக்காக என்னைத் திட்டிய அம்மாளும் வந்து ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தார். அண்ணன் மாலையைப் போட்டுவிட்டு நெடுநேரம் பெட்டியின் மேல் கை வைத்து நின்றார்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அது அண்ணனுக்கும் தெரியும். ஆனால் வாசல்படியைக் கண்டதும் முப்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. கட்டைவிரல் தானாகக் கடைசிக் கட்டத்தைத் தொட்டது.

"போய்ட்டு வரேன்."

ஏழுமலை சாரின் குரல். தெளிவாக, வீடு முழுக்க. ஒப்பாரி பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். ஒரு உறவுக்காரர் அண்ணனை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அண்ணன் முகம் வெளிறிப்போய் போனைப் பைக்குள் திணித்தார்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த கலா எழுந்து வந்தார்.

"காத்தால ஒண்ணுமே சொல்லாம உக்காந்துட்டாருண்ணா" என்றார். "இன்னொரு தபா அமுக்குங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, பார்த்து, நிதானமாக அமுக்கினார். கலா கேட்டு முடித்து, வேலைக்குக் கிளம்புகிறவரிடம் சொல்வதுபோல மெல்லத் தலையசைத்தார்.

போன் கெட்டால் யாரிடம் போவேன் என்று பயந்தேன் அல்லவா? அதற்கான பதிலை அவர் என் விரலாலேயே டைப் அடிக்க வைத்திருக்கிறார். பத்தொன்பது படிகள், நேற்று ஒருமுறை படித்துப் பார்த்தேன், புரிகிறது. கலாவுக்கும் ஒரு போனில் அந்தப் பன்னிரண்டையும் ஏற்றிக் கொடுக்கப்போகிறேன். லேபிள் எழுதி ஒட்டிவிட்டேன்.

காலையில் அண்ணன் நடைக்குக் கிளம்பும்போது எங்கள் வாசலில் அந்தக் குரல் கேட்கிறது. நான் உள்ளிருந்தபடியே பதில் சொல்கிறேன். அண்ணனுக்குச் சொல்கிறேனா, உங்களுக்குச் சொல்கிறேனா என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

சரி, பார்த்துப் போங்க சார்.